கேஸ்ட்ரிக் என்று சொல்லி வைத்த வீடு

விமலா வாய் ஓயாதவள். ஈப்போவில் ஒரு பள்ளிக் கேண்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் பிரட்டிக்கொண்டே நாலு குடும்பத்து வழக்கைத் தீர்த்துவைப்பாள். அப்படிப்பட்டவள் தன் வீட்டு விஷயத்தில் மட்டும் மாதக்கணக்கில் ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அவருக்குக் கேஸ்ட்ரிக்லா."

அவள் புருஷன் யுகேந்திரன் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். ஒருநாள் வேலைக்குப் போகவில்லை; பிறகு போகவே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, சுண்ணாம்புக் குன்றுகளின் மேல் பனி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தப் பனி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டதுபோல் விமலாவுக்குத் தோன்றும். கை நீட்டினால் தொடலாம், ஆனால் ஆள் வேறெங்கோ இருந்தார். மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார் கிளினிக் டாக்டர். அதை வெளியே சொல்ல முடியுமா? பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கும் ஊரைச் சொல்லி "தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்" என்று கேலி பேசியே வளர்ந்த சனம் இது. அவளும் பேசியவள்தான்.

கேஸ்ட்ரிக் என்றால் நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? மைலோ டின்னும் ஓட்ஸும் வந்து குவிந்தன. ஏப்பம் வருதா என்று விசாரித்தார்கள். தூக்கம் வருதா என்று ஒருவரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள், அவள்தான் வாயை அடைத்துவிட்டாளே.

"நான் இல்லேன்னா உனக்கு நிம்மதியா இருக்கும்ல" என்று ஒருநாள் அவர் மெதுவாகச் சொன்னார்.  விமலா அன்றே டாக்டரிடம் கூட்டிப்போனாள். தனியாக விடாதீர்கள், வேண்டியவர்கள் கூட இருக்கட்டும் என்றார் டாக்டர். வேண்டியவர்களுக்குத்தான் விஷயமே தெரியாதே.

அந்த வாரம் பத்து காஜா பக்கம், அவர்கள் பழைய தோட்டத்து அம்மன் கோயிலில் திருவிழா. தங்கையை அவருக்குத் துணை வைத்துவிட்டுப் போனாள். செம்பனைகளுக்கு நடுவே அன்னதானச் சமையல். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கருப்பம்மாள் அக்கா, "கேஸ்ட்ரிக் எப்படி இருக்கு? கஞ்சி குடு" என்றாள். அடுப்புப் புகையில் எல்லார் முகமும் கனவில் தெரிவதுபோல் மங்கியிருந்தது. தன் குரல் யாருடையதோ போல் வருவதை விமலா கேட்டாள்.

"கேஸ்ட்ரிக் இல்லக்கா. அவருக்கு மனசு சரியில்ல. மருந்து சாப்புடுறாரு. செத்துப்போலாம்னு நெனப்பு வருது. எனக்குப் பயமா இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. வாழையிலை அறுத்துக்கொண்டிருந்த கார்த்திகேசு கத்தியை வைத்துவிட்டு எழுந்தார். யுகேந்திரனோடு பஸ் ஓட்டிய கூட்டாளி அவர்.

"முன்னயே சொல்லியிருக்கலாம்லா. வாம்மா, வீட்டுக்குப் போலாம்."

வீட்டுக்கு வந்ததும் கார்த்திகேசு யுகேந்திரன் பக்கத்தில் உட்கார்ந்து, அவரும் குன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "விமலா எல்லாத்தையும் சொல்லிருச்சு மச்சான்."

யுகேந்திரன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலை குனியவில்லை.

"எந்நேரம் ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டார் கார்த்திகேசு.

யுகேந்திரன் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினார். "விடியக்காலைல. எல்லாரும் வேலைக்குக் கெளம்புறப்ப."

"சரி. நான் மத்தியான ட்ரிப்புக்கு மாத்திக்கிறேன். விடியக்காலைல இங்க வாரேன்."

மறுநாள் விடியற்காலையில் விழித்தபோது விமலாவின் பக்கத்தில் படுக்கை காலியாக இருந்தது. வாசல் கேட் திறந்து கிடந்தது. வெளியே ஓடினாள். ரோட்டோரத்தில் யுகேந்திரன் நின்றுகொண்டிருந்தார்.

"சத்தம் போடாத," என்றார். "அவன் வர்ற நேரம்தான்."