காதரின் கையைப் பிடித்தது யார்?

“அக்கா, நீங்க என் கையைப் பிடிச்சீங்களா?”

காருக்குள்ளிருந்து அந்தக் கேள்வி வந்தபோது நான் ஷெட்டின் மறுகோடியில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மொபைலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். காருக்குள் காதரைத் தவிர யாரும் இல்லை. ஷெட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. வெளியே சாரல். மலை இருந்த இடத்தில் மலையைக் காணோம். தகரக் கூரையை யாரோ நகத்தால் மெல்லச் சுரண்டுவதுபோல ஒரு சத்தம் மட்டும்.

“நான் இங்கன இருக்கேன் காதர். எதுக்குக் கேக்கீங்க?”

கொஞ்சம் கழித்து, திறந்திருந்த கதவு வழியாக இரண்டு நீளமான கால்கள் வெளியே வந்தன. பிறகு இடுப்பு. பிறகு தோள். கடைசியில் முகம். வெளிறிப் போன முகம். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார் – யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல.

“ஒண்ணுமில்லக்கா… சும்மாதான் கேட்டேன்.”

சும்மா கேட்கிற கேள்வியா இது?

நான் அங்கே போனதற்குக் காரணம் என் உறவினர்கள். தென்காசியில் வீடு இருந்தால் சீசனில் உறவினர்களுக்குப் பஞ்சமே வராது. இந்த முறை வந்தவர்கள் குற்றாலத்தில் ஆசைதீர எண்ணெய் மசாஜ் செய்துகொண்டார்கள். பாதி எண்ணெயை அருவிக்குக் கொடுத்தார்கள், மீதியை என் கார் சீட்டுக்குக் கொடுத்தார்கள். ஈரத் துண்டு, மிளகாய் பஜ்ஜி, மங்குஸ்தான் தோல் எல்லாம் சேர்ந்து ஒரு வாசம்… அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அது போகவில்லை.

‘டீடெய்லிங்குக்கு விடுங்க’ என்றார் பக்கத்து வீட்டுக்காரர். தண்ணீர் அடித்துக் கழுவுவதோடு நிற்காமல் சீட்டுக்கு அடியில், பெடலுக்குப் பின்னால் என்று சந்து சந்தாகப் புகுந்து சுத்தம் செய்து, வெளிப்புறத்துக்கு மெஷின் வைத்துப் பாலிஷ் போட்டுத் தருகிற வேலை. வளைகுடாவில் பல வருஷம் இதையே செய்துவிட்டு ஊர் திரும்பிய காதர், மேலகரத்தில் குற்றாலம் ரோட்டை ஒட்டி ஷெட் போட்டிருக்கிறார். பின்னாலேயே வீடு. ஆள் நல்ல உயரம். என் சின்னக் காருக்குள் அவர் புகுந்ததே எனக்கு ஒரு வித்தையாகத்தான் இருந்தது.

அவர் மனைவி ஜன்னத் டீ கொண்டுவந்தார். கணவரின் முகத்தைப் பார்த்தார்.

“இப்பவுமா?”

காதர் தலையை ஆட்டினார். ஜன்னத் டீ கிளாஸை அவருடைய இடது கையில் கொடுத்தார்.

இதற்கு மேல் நான் மொபைலைப் பார்ப்பேனா?

டீ முடிந்ததும் காதர் பாலிஷ் மெஷினை எடுத்து, கார் கதவுகளில் போட ஆரம்பித்தார். ஜன்னத் வீட்டுக்குள் போகவில்லை. சுவரில் இருந்த சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஒரு விரல் சுவிட்ச் மேலேயே. கண் கணவரின் கை மேலேயே. ஏன் அப்படி நிற்கிறார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் முடித்து முன்பக்கம் வந்து பானெட்டில் வைத்தார் காதர்.

மெஷின் அவர் கையிலிருந்து கழன்றது.

வழுக்கி விழவில்லை. யாரோ பறித்ததுபோலத்தான் இருந்தது. பானெட்டில் துள்ளி, கீழே விழுந்து, உயிருள்ள பிராணி மாதிரி சிமெண்ட் தரையில் சுழன்றுகொண்டே என்னை நோக்கி வந்தது. நான் நாற்காலியில் காலைத் தூக்கிக்கொண்டேன். ஜன்னத் சுவிட்சை அணைத்துவிட்டார். அவர் முகத்தில் அதிர்ச்சியே இல்லை. இது நடக்கும் என்று காத்திருந்த முகம்.

“புடுங்கிட்டான்,” என்றார் காதர், தன் கையைப் பார்த்துக்கொண்டே.

“யாரு?” என்றேன்.

ஜன்னத்தான் சொன்னார்.

சீசன் தொடங்குவதற்கு முன்னால் ஒரு சாம்பல் நிறக் கார் வந்ததாம். கொண்டுவந்தவருடைய அண்ணனின் கார். அண்ணன் கேரளாவிலிருந்து தனியாக ஓட்டி வந்திருக்கிறார். புளியறை செக்போஸ்டைத் தாண்டியதும் நெஞ்சு வலி. ஓரமாக நிறுத்தியிருக்கிறார். அங்கேயே, சீட்டிலேயே போய்விட்டார். மறுநாள்தான் பார்த்திருக்கிறார்கள். கியரைப் பிடித்திருந்த கையை எடுக்கப் பெரும்பாடு பட்டதாகத் தம்பி சொன்னாராம். காரை விற்க வேண்டும், உள்ளே ஒரு தடயம் இல்லாமல் சுத்தம் செய்து கொடுங்கள் என்று விட்டுவிட்டுப் போனாராம்.

“நான் வேண்டாம்னுதான் சொன்னேன். இவங்க கேக்கலை,” என்றார் ஜன்னத்.

“தொழில்ல அப்படி வேண்டாம்னு சொல்ல முடியுமாக்கா?” என்றார் காதர். “ரெண்டு நாள் அந்தக் காருக்குள்ளேயே கிடந்தேன். கியருக்குக் கீழே கையை விட்டுத் துடைக்கும்போது… என் கையை இன்னொரு கை புடிச்சுது. குளுந்த கை. உதறிட்டு வெளிய வந்துட்டேன். அன்னையிலேருந்து விட மாட்டேங்கான்.”

பிறகு ஒரு நாள் மதியம். சாப்பிட்டுவிட்டுப் பாயில் கண் அசந்திருக்கிறார். நெஞ்சின் மேல் ஏதோ கனமாக இருக்கிறதே என்று விழித்தால், ஒரு கை. சில்லென்று, அசையாமல், விரல்கள் பாதி மடங்கிய ஒரு கை நெஞ்சின் மேல் கிடக்கிறது.

“நான் வாசல்ல நின்னு பாத்தேன்க்கா,” என்று ஜன்னத் தொடர்ந்தார். “‘விடுலே, விடு’ன்னு கத்துதாங்க. கத்திக்கிட்டு இடது கையால வலது கையைத் தூக்கித் தூக்கி எறியுதாங்க. அங்கன வேற கையே இல்லை. இவங்க கையைத்தான் இவங்களே எறியுதாங்க. அன்னைக்கு நான் கத்துன கத்துல தெருவே கூடிட்டு.”

சாரல் சத்தத்தை மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஷெட்டில் நாலாவதாக ஒரு ஆள் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. திரும்பிப் பார்க்கவும் தைரியமில்லை.

தாயத்து கட்டியாயிற்று. தர்காவுக்குப் போய் வந்தாயிற்று. அந்தக் கார் எப்போதோ விற்றுப் போய்விட்டது. பிடி மட்டும் விடவில்லை. இப்போது சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, சோறு பிசைந்தால் சிந்துகிறது. ஷெட்டை மூடிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டார்களாம்.

ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்: “வேலை செய்யும்போது மட்டும்தான் வருதா?”

“இல்லக்கா. பைக்ல போனாலும் புடிக்கான். ஆலங்குளம் வரை போறதுக்குள்ள ஆக்ஸிலேட்டரைத் திருக முடியாமப் போயிருது. நிறுத்திக் கையை உதறுனா விட்டுருவான்.”

உதறினால் விட்டுவிடுகிற பேயா? எனக்கு முதன்முதலாக ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது.

“டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காதர் தலையைக் குனிந்தார்.

“டாக்டர் பாத்துட்டு ‘உமக்கு ஒண்ணுமில்லவே’ன்னு சொல்லிட்டா என்னக்கா செய்ய? அப்ப அது அவன்தான்னு உறுதியாயிருமே.”

இப்படி ஒரு பயத்தை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்… நம்மில் எத்தனை பேர் உறுதியாகிவிடுமோ என்ற இதே பயத்தில் டாக்டர் வீட்டு வாசலை மிதிக்காமல் இருக்கிறோம்?

தென்காசியில் ஒரு டாக்டரிடம் இப்போதே கூட்டிப் போகிறேன் என்றேன். காதர் வர மாட்டேன் என்றார். நான் வற்புறுத்தவில்லை. ஜன்னத்தும் வற்புறுத்தவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு வந்து என் காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். “நீங்க வரலைன்னா நான் போய்ச் சொல்லுதேன். சொல்லத் தெரியாம எதையாச்சும் உளறி வச்சிருவேன்.” காதர் முன் சீட்டில் ஏறினார். ஒரு பக்கம் பளபளவென்றும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்த காரை ஓட்டிக்கொண்டு தென்காசி வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் கியர் மாற்றும்போதுகூடக் கண்ணை ரோட்டிலேயே வைத்திருந்தேன். கியர் பக்கம் பார்க்கவே இல்லை.

எலும்பு டாக்டர், நடுவயதுப் பெண்மணி. கதை முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். சிரிக்கவில்லை. கையைத் தட்டிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், கழுத்தைத் திருப்பச் சொன்னார்.

“காருக்குள்ள எப்படி உக்காந்து வேலை செய்வீங்க? காட்டுங்க.”

காதர் ஸ்டூலில் உட்கார்ந்து ஏதோ செய்து காட்டினார். “இது உங்க கிளினிக் ஸ்டூலும்மா. காருன்னா வேற மாதிரி,” என்றார்.

டாக்டர் எழுந்தார். “வாங்க, என் காருல காட்டுங்க.”

கிளினிக் முற்றத்தில் தூறல். குடை பிடித்தபடி டாக்டர் தன் காரின் கதவைத் திறந்துவிட்டார். காதர் ஒரு முழங்காலை வாசல் விளிம்பில் ஊன்றினார். மற்றக் காலை வெளியே நீட்டினார். இடுப்பை முறுக்கி, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் திணித்து, கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, வலது கையைக் கியருக்குக் கீழே விட்டார். மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கியது. இருக்கிற உயரத்தை எல்லாம் யாரோ மடித்துப் பெட்டிக்குள் வைத்ததுபோல இருந்தது. பார்க்கும்போதே எனக்கு இடுப்பு வலித்தது.

“அப்படியே இருங்க,” என்றார் டாக்டர்.

இருந்தார். தூறல் குடையில் விழுகிற சத்தம். ஜன்னத் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே இருந்த உடம்பு அசையவில்லை.

பிறகு டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து, மிக மெல்லிய குரலில்:

“டாக்டர்… வந்துட்டான்.”

டாக்டர் குடையை ஜன்னத்திடம் கொடுத்துவிட்டுக் குனிந்து, உள்ளே கையை நீட்டினார்.

“மணிக்கட்டை மட்டும் நேரா நீட்டுங்க. அப்படித்தான். மெதுவா வெளிய வாங்க. கையைத் தொங்கப் போட்டு உதறுங்க. இப்ப?”

காதர் உதறினார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார்.

“போயிட்டு இருக்கான்…” என்றார். பிறகு அவரே நிறுத்திக்கொண்டார்.

“யாரும் வரலை, யாரும் போகலை. அது உங்க கைதான்,” என்றார் டாக்டர். “மணிக்கட்டுல ஒரு நரம்பு நசுங்குது. கழுத்துலயும் பிடிப்பு இருக்கு. இத்தனை வருஷமா அதிருற மெஷினை இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க. மீதி நேரம் மணிக்கட்டை மடிச்சே வேலை. மரத்துப் போன கை தூங்கி முழிக்கும்போது அடுத்தவங்க கை மாதிரிதான் இருக்கும்.”

“அப்ப அந்தக் கார்ல புடிச்சது?”

“அந்தக் கார்ல எந்திரிக்காம எவ்வளவு நேரம் கிடந்தீங்க?”

காதர் யோசித்தார். “பயந்துக்கிட்டு… சீக்கிரம் முடிச்சிரணும்னு… எந்திரிக்கவே இல்லம்மா.”

சொல்லிவிட்டு அந்த முற்றத்திலேயே உட்கார்ந்து அழுதார். தன் கை தன்னிடமே திரும்பி வந்ததற்கு ஒரு மனிதர் அழுவதை அன்றுதான் பார்த்தேன்.

சில வாரம் மெஷினைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் இருக்க ஒரு பட்டை. பயிற்சிகள். அந்த நாட்களில் மெஷினைப் பிடித்தவர் ஜன்னத். என் காரின் மீதிப் பாதியைப் பாலிஷ் போட்டதும் அவர்தான்.

போன வாரம் போயிருந்தேன். ஷெட்டே மாறியிருந்தது. சக்கரம் வைத்த ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தபடியே காதர் ஒரு காரின் கதவு அடிப்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். குனிவதே இல்லை. மண்டியிட ஒரு கனத்த ரப்பர் மெத்தை. சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளிவிட்டுத்தான் உள்ளே தலையை விடுகிறார். கைக்கு எட்டாத மூலைக்கு எக்கிப் பிடிக்காமல், எழுந்து சுற்றிப் போய் அடுத்த கதவைத் திறக்கிறார். நீளக் கைப்பிடி வைத்த பிரஷ். மெஷினை இரண்டு கையாலும், இறுக்காமல், இடுப்பு உயரத்தில் பிடிக்கிறார். விரல் லேசாகக் குறுகுறுத்தாலே வேலையை நிறுத்தி வெளியே வந்து மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

“பொத்தான் போட்டுட்டேன்க்கா, பாருங்க,” என்று சட்டையைக் காட்டினார். கட்டைவிரலில் மட்டும் பலம் இன்னும் முழுசாக வரவில்லை. வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ஒரு சந்தேகம்க்கா. அந்தக் கார் வந்ததுலேருந்து ஒவ்வொரு தொழுகையிலயும் அந்த மனுசருக்காகத் துஆ செய்யுதேன். என்னை விட்டுரட்டும்னு பயந்துதான் செஞ்சேன். இப்ப அவரு என்னைப் புடிக்கவே இல்லைன்னு ஆயிட்டு. நிறுத்திரலாமா?”

ஜன்னத் துணியைப் பிழிந்துகொண்டே, திரும்பாமலே சொன்னார்:

“நிறுத்தாதீங்க. பாவம், ரோட்டோரம் தனியா போயிருக்காரு. பக்கத்துல யாராச்சும் இருந்து கையைப் புடிச்சிருக்கலாம்.”

காதர் அந்த வேண்டுதலை நிறுத்தவில்லை. இப்போது பயமில்லாமல் செய்கிறாராம்.