போரூர் முதல் மண்ணூர் வரை ஒரு கீச் சத்தத்தின் பின்னால்

போரூரிலிருந்து ஒரகடத்துக்கு யாரும் ஊர் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. நானும் அதற்காகப் போகவில்லை. என்னுடைய ஒன்பது வயதுச் சின்ன காருக்கு முன்பக்க ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் புதிதாக மாற்றி மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் ஸ்பீடு பிரேக்கரில் ஏறினால் ‘கீச்’, இறங்கினால் ‘கீச் கீச்’. மாற்றிக் கொடுத்தவன் என் தம்பி பாபு. போன சனிக்கிழமை அவனுக்கு முதல் ஷிப்ட். அது முடியும்போது ஒரகடத்தில் அவனை ஏற்றிக்கொண்டு, மண்ணூரில் இருக்கும் அவன் ஷெட்டுக்குப் போய்ச் சத்தத்தைக் கண்டுபிடிப்பது என்பது திட்டம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இன்னொரு காரணமும் உண்டு. பாபு ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் பதினோரு வருடமாக வண்டி பூட்டும் லைனில் நிற்கிறான். அதில் ஆறு வருடம் பெர்மனன்ட். அதை விட்டுவிட்டு அந்த மண்ணூர் ஷெட்டில் சொந்தமாக மெக்கானிக் கடை போடப் போகிறானாம். திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதம், வெள்ளிக்கிழமை கடைக்குப் பூஜை. “நீ சொன்னாத்தான் கேப்பான், போய் நிறுத்துடி” என்று அம்மா என்னைப் பிடித்துத் தள்ளினார். பெர்மனன்ட் ஆக இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எப்படி அலைகிறார்கள் என்று தெரிந்தவள் நான். அதனால் சத்தம் அவன் வேலையில்தான் வரவேண்டும், அதைக் காட்டியே அவனை அடக்கிவிடலாம் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டுதான் வண்டியை எடுத்தேன். நல்ல அக்கா!

காலை 11.40க்குக் கிளம்பினேன். ஏசியை அணைத்து, நான்கு கண்ணாடியையும் இறக்கிக்கொண்டேன். பூந்தமல்லி வரை எட்டு கிலோமீட்டருக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. ஆமை வேகத்தில் போனதில் ஒரு நன்மை, எல்லாச் சோதனையையும் செய்ய முடிந்தது. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் சத்தம் இல்லை, ஆகவே ஷாக்கின் தலையில் இருக்கும் பேரிங் மேல் சந்தேகம் குறைந்தது. பிரேக் பிடித்தாலும் இல்லை. வண்டி மேலும் கீழும் அசையும்போது மட்டும்தான் கத்துகிறது.

செம்பரம்பாக்கம் தாண்டி 12.35க்கு ஓரமாக நிறுத்தினேன். சக்கரத்தை ஒரு பக்கம் திருப்பிவிட்டு, உள்ளே லோயர் ஆர்ம் என்கிற இரும்புக் கை வண்டியின் அடிச்சட்டத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ் மேல் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். அடுத்த பக்கமும் அப்படியே. போகிறவர்கள் எல்லோரும், இந்தம்மா காருக்குக் கால் கழுவுகிறாளே என்று பார்த்தார்கள். பார்க்கட்டும். அடுத்த இரண்டு ஸ்பீடு பிரேக்கரில் சத்தமே இல்லை. மூன்றாவதில் திரும்பி வந்துவிட்டது. நனைந்தால் அடங்கி, காய்ந்தால் கத்துகிறது என்றால் அது ரப்பர்.

தண்டலத்தில் டயருக்குக் காற்று பிடித்தேன். கடைக்காரர் வண்டியை ஓர் அமுக்கு அமுக்கிவிட்டு, “ஷாக்கே டூப்ளிகேட்டுமா. க்ரீஸ் அடிச்சா கம்முனு ஆயிடும்” என்றார். ரப்பரில் க்ரீஸ் படக்கூடாது, படிந்தால் ஊறிக் கெட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஐம்பது ரூபாய் கொடுத்து அடிக்க விட்டேன். சரியாக நான்கு கிலோமீட்டர் கம்மென்று வந்தது, அவ்வளவுதான்.

ஸ்ரீபெரும்புதூரில் சாப்பிட்டுவிட்டு 2.20க்கு ஒரகடம். 2.30க்கு ஷிப்ட் விட்டதும் கம்பெனி பஸ்கள் வரிசையாக வெளியே வர ஆரம்பித்துவிடும், ஆகவே கேட்டுக்கு எதிரே நிறுத்தாதீர்கள். பாபு கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு வந்து ஏறினான். முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே ‘கீச்’.

“கேக்குதாடா?”

“கேக்குது. அது ரோடு அப்டி கீதுக்கா.”

“ரோடு எங்கயாச்சும் கத்துமாடா? என் காதுல பூ சுத்தாத.”

மண்ணூர் வரை இருபத்து நான்கு கிலோமீட்டர்.

3.30க்கு ஷெட். வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினான். லோயர் ஆர்ம் நட்டு எல்லாவற்றிலும் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. லைனில் ஒரு நட்டை முழுசாக இறுக்கியவன் அதன் மேல் அப்படி ஒரு கோடு போடவேண்டும். போட்டாயிற்று என்றால் அந்த நட்டு முடிந்த கதை.

“மார்க் கீது பாத்தியா? மார்க் போட்ட நட்ட எங்க சூப்பர்வைசரே தொடமாட்டாரு.”

“மார்க் போட்டா சத்தம் வராதா?”

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. “லைன்ல இன்னா செய்றனோ அதையேதான்கா இங்கயும் செஞ்சேன்! வண்டி மேல தொங்கிகினு வரும், நான் கீழ நின்னுகினு இப்டி...” என்று கையாலேயே செய்து காட்டினான். வலது கை நட்டு இறுக்கியது. இடது கை, உள்ளங்கையை விரித்து, எதையோ கீழிருந்து மேலே தூக்கியது.

“இந்தக் கை இன்னாடா பண்ணுது?”

“அது ஜிக்கு. நான் இறுக்கறதுக்கு மின்ன வீல் பக்கத்த மெஷின் மேல தூக்கிப் புடிக்கும், வண்டி தரையில நிக்கிற உயரத்துக்கு...”

இடது கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

“ஐயய்யோ அக்கா.”

இவ்வளவுதான் விஷயம். இங்கே மெஷின் கிடையாது. ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே இறுக்கி, மஞ்சள் கோடும் போட்டுவிட்டான். வண்டி தரையில் இறங்கி உட்கார்ந்ததும் அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டது. மூன்று வாரமாக முறுக்கிலேயே கிடந்து கத்துகிறது. பதினோரு வருடம் அந்த மெஷின் செய்ததை இவன் தன் வேலையில் சேர்த்து எண்ணவே இல்லை.

முன்சக்கரம் இரண்டையும் கனமான மரக்கட்டைகள் மேல் ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கல் அண்டக் கொடுத்தான். வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போதே நட்டைத் தளர்த்தினான். ‘டொக்’ என்று ஒரு சத்தத்தோடு ரப்பர் முறுக்கு விட்டது. துடைத்து, அதே நிலையில் திரும்ப இறுக்கினான். 5.15க்கு ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டினேன். ஐந்து ஸ்பீடு பிரேக்கர், மூச்சுப் பேச்சில்லை.

நான் மனப்பாடம் செய்துவந்த வசனத்தை எடுத்துவிட இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ‘மொத வேலையிலயே இப்படி, உனக்கெதுக்குடா கடை?’ என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவன் போனை எடுத்து, என் வண்டிக்கு அப்புறம் இதே மாதிரி மாற்றிக் கொடுத்த மூன்று வண்டிக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தான். மூவரும் அவன் லைன் ஆட்கள், கடை திறந்தால் முதலில் வரவேண்டியவர்கள். “சத்தம் வரலியா? வராங்காட்டியும் எட்த்துகினு வாண்ணே. இப்டியே ஓட்னா புஷ் கிழிஞ்சிடும். நான்தான் தப்பா இறுக்கிட்டேன்.” மூன்று முறையும் அதே வார்த்தை, குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. நான் என் வசனத்தை விழுங்கிவிட்டு, அடுத்த வண்டிக்கு வேண்டுமே என்று மரக்கட்டைகளை எடுத்து அடுக்கினேன்.

உங்களுக்குச் சில விஷயம். ஷாக், ஸ்பிரிங் மாற்றியதும் சத்தம் வந்தால் உடனே பார்ட்ஸ் டூப்ளிகேட் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். முதலில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அடங்கினால், ஆர்ம் புஷ்ஷை எந்த நிலையில் இறுக்கினார்கள் என்று கேளுங்கள். தண்ணீருக்கும் அடங்கவில்லை என்றால் ஸ்பிரிங் அடியில் இருக்கும் ரப்பர் தட்டு விட்டுப்போயிருக்கலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஒரகடம் பக்கம் ஷிப்ட் மாறும் நேரத்தைத் தவிர்த்தால் அரை மணி நேரம் மிச்சம்.

தண்டலம் தாண்டும்போது அம்மா போன் செய்தார்.

“இன்னாடி, பேசினியா? இன்னா சொன்னான்?”

“அவன் கடை போடட்டும்மா. வெள்ளிக்கெழம நீ பூ வாங்கிகினு வந்துடு.”