கடைப்படியில் உட்கார்ந்த மதாம்மா

பழவங்காடியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பும்போது பங்களாத் தோட்டக்காரர் எதிரே வந்தார். "மதாம்மா காலம்பற போயிட்டா" என்றார். தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். மாசி வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வைசூரி வருகிற காலம். இந்த நேரம் பார்த்தா சாகவேண்டும் என்று அவர் மேல் கோபம்தான் முதலில் வந்தது.

மதாம்மா என்று நாங்கள் அழைத்த மிஸ் நோராவை உங்களில் பலருக்குத் தெரியும். அயர்லாந்தில் தகப்பனார் விட்டுப்போன நெசவாலையை விற்று, நம் ஊருக்கு வெளியே பெரிய பங்களா வாங்கினார். அதில் வைசூரி கண்டவர்களைப் படுக்கவைத்துவிட்டு, தான் சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் இருந்துகொண்டார். எனக்குச் சிறுவயதிலேயே அம்மை வந்து போயிருந்ததால், பேச்சுக்கும் துணைக்கும் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

சாலைக் கடைத்தெரு வியாபாரிகள் வீட்டில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகமாட்டார்கள். செருகினால் அன்றோடு கடைக்கு ஆள் வராது. நோயாளியை மாடியில் வைத்துச் சன்னலைச் சாத்திவிடுவார்கள். ஆனால் அம்மனுக்குப் பயந்து தாளிக்க மட்டும் மாட்டார்கள். ஊரை ஏமாற்றலாம், அம்மனை ஏமாற்ற முடியாதே. மதாம்மா இதைப் பிடித்துக்கொண்டார். உச்சிவேளையில் என்னோடு தெருவில் நடப்பார். கடுகு வெடிக்கும் வாசனை வராத வீட்டு முன்னால் நின்றுவிடுவார். அந்த வெள்ளைக்கார மூக்கைச் சாலையே சபித்தது.

ஒருநாள் அவர் நின்றது என் அண்ணனின் அரிசிக்கடை முன்னால். கடைக்கு மேலேதான் வீடு.

"மக்களே, குழந்தை எவிடே?" என்று அண்ணனைக் கேட்டார்.

"அவ நாரோயில்ல பாட்டி வீட்ல இருக்கா. இங்க ஒண்ணும் இல்ல" என்றான் அண்ணன். என் முகத்தை அவன் பார்க்கவில்லை.

மதாம்மா சண்டை போடவில்லை. குடையை மடித்து வைத்துவிட்டுக் கடைப்படியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த இடத்தில் வைசூரி இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். அரிசி வாங்க வந்தவர்கள் எட்ட நின்றே திரும்பினார்கள். "பொழப்பக் கெடுக்கா, நீயும் கூட நிக்கியே" என்று அண்ணன் என்னிடம் பல்லைக் கடித்தான்.

"மறைச்சு வெச்சா அது போகாது மக்களே. அடுத்த வீட்டுக்குப் போகும்" என்றார் மதாம்மா. பொழுது சாய்வதற்குள் அண்ணியே குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

குழந்தை பிழைத்தது. விஷயம் தெரியாமல் அந்த மாடிக்குப் போய்வந்த அடுத்த வீட்டு மருமகள் பிழைக்கவில்லை. அவள் இமைகளை மூடிவிட்டது மதாம்மாதான். "நான் முந்தியே வந்திருக்கணும்" என்று தன்னையே திட்டிக்கொண்டார். எங்களைத் திட்டியிருக்கலாம்.

மதாம்மாவின் அடக்கத்துக்குச் சாலையிலிருந்து என் அண்ணனைத் தவிர யாரும் வரவில்லை. நேற்று அந்தத் தெருவழியே போனபோது ஒரு துணிக்கடைக்காரர் சிரித்த முகமாகக் கேட்டார்: "மதாம்மா போயாச்சுல்லா. இனி உனக்கு இங்க என்ன சோலி?"

கடையில் எப்போதும் துணிகளுக்கு நடுவே ஓடித்திரியும் அவர் மகளைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன். அவர் சிரிப்பு நின்றது.

எனக்குப் பயமாக இருந்தது. மதாம்மாவைத் தொட யாருக்கும் துணிச்சல் வராது. என்னைப் பிடித்துத் தள்ள யாரும் யோசிக்கமாட்டார்கள். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தப் பிடிவாதம் ஒன்றுதான். துணிக்கடைப் படியில் உட்கார்ந்தேன்.