ஹில்யா ஃபோனைத் துண்டித்த பிப்ரவரி

ஹில்யா ரன்டலாவைப் பிடிவாதக்காரி என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். நாற்பத்தொரு வருடம் அடுத்த வீட்டில் இருந்தவள் என்கிற முறையில் எனக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் பேராசைக்காரி என்று யாராவது வாயெடுத்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பங்குகளில் பணம் போட்டவர்கள் எல்லாம் ஆசை பிடித்தவர்கள் என்று நினைக்கிறவர்கள், அவள் ஒரே கம்பளிக் கோட்டைப் பதினெட்டு குளிர்காலம் போட்டதைப் பார்த்ததில்லை.

பள்ளிப் பேருந்து ஓட்டியவள் அவள். கனடாவின் தண்டர் பே ஊரில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே பத்திரமாகப் பள்ளியில் இறக்கிவிட்டாள். அவள் கணவன் டொய்வோ காகித ஆலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். ஆலை மூடியது. போகும்போது பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டுப் போனது. அந்தக் கடிதத்தை டொய்வோ எத்தனை முறை படித்தான் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் எங்கள் வீட்டுக்கு வந்து எனக்கும் படித்துக் காட்டுவான். அடுத்த வருடமே இதயம் நின்று போய்விட்டான்.

இன்ஷூரன்ஸ் பணம் வந்தது. டெபாசிட்டில் போடு என்று ஊரே சொன்னது. ஹில்யா என்ன செய்தாள் தெரியுமா? அந்த மாதம் வீட்டுக்கு வந்த பில்களையெல்லாம் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து என்னைக் கூப்பிட்டாள்.

"எல்மி, இவனுங்கதான மாசாமாசம் எங்கிட்ட வாங்கறானுங்க? அப்ப இவனுங்ககிட்டயே நானும் வாங்கறேன்."

அப்படித்தான் ஆரம்பம். கேஸ் பில்லுக்கு கேஸ் கம்பெனிப் பங்கு. கரண்டுக்கு மின்சாரக் கம்பெனி. ஃபோனுக்கு ஃபோன் கம்பெனி. வீட்டு வரிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் ஒரு வங்கி. ரயில் கம்பெனிப் பங்கும் கொஞ்சம் வாங்கினாள். ரயில் உனக்கு என்ன பில் அனுப்பியது என்று கேட்டேன்.

"பில் அனுப்பல. ஆனா பக்கத்துலயே கூவிகிட்டுப் போய் என் தூக்கத்தக் கெடுக்குதில்ல? அதுக்கு வாடகை."

கம்பெனி தன் லாபத்தில் பங்குக்காரர்களுக்குத் தரும் டிவிடெண்ட் மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். சில கம்பெனிகள் ஜனவரி, ஏப்ரல் என்று கொடுக்கும், சில பிப்ரவரி, மே என்று கொடுக்கும். எந்த மாதமும் வெறும் மாதமாகப் போகாதபடி சர்ச் காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டுப் போட்டு அடுக்கினாள். அரசாங்கப் பென்ஷன் வயிற்றுக்கு, டிவிடெண்ட் வீட்டுக்கு. இதுதான் சட்டம். பங்கின் விலை ஏறியதா இறங்கியதா என்று பார்க்கவே மாட்டாள். "எங்கப்பா பசுமாட்டு விலையத் தெனமும் விசாரிச்சுகிட்டா இருந்தார்? பால் கறந்தார்" என்பாள். இருபத்திரண்டு வருடம் இப்படி ஓடியது. நானும் அவளைப் பார்த்து நாலு பங்கு வாங்கினேன் என்பதை மறைப்பானேன்.

இரண்டு வருடத்துக்கு முன் நவம்பரில் ஃபோன் கம்பெனி டிவிடெண்டைப் பாதியாகக் குறைத்தது. விலையும் சரிந்தது. கிறிஸ்துமஸுக்கு அவள் மகன் மார்க்கு, தூரத்துக் கால்கரி நகரத்திலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து இறங்கினான். நல்ல பையன்தான். ஒரு எண்ணெய்க் கம்பெனியில் கணக்கு அதிகாரி. ஆனால் பயந்தவன். அப்பாவின் பென்ஷன் போனதை அவனும் பார்த்திருக்கிறான் இல்லையா.

காகிதத்தில் இருந்தது இதுதான்: வீட்டை விற்பது, பங்குகளை நிர்வகிக்கும் அதிகாரத்தை அவனுக்கு எழுதிக் கொடுப்பது, அம்மா கால்கரியில் அவன் பார்த்து வைத்திருக்கும் அடுக்ககத்துக்குக் குடிபோவது. பங்குகளை விற்று வரும் பணத்தைப் போட ஒரு ஃபண்டின் பளபளப்பான புத்தகமும் கொண்டு வந்திருந்தான்.

"மாசம் தவறாம வரும்மா, வருஷத்துக்கு எட்டு பர்சென்ட். நீ ஒண்ணுமே பாக்க வேண்டாம்."

ஹில்யா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அவள் எப்போதும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பாள்.

"பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்கானே. குடுக்கற தொகையில ஒரு பகுதி முதலீடு பண்ணவங்களோட மூலதனமாவும் இருக்கலாமாம். மூலதனம்னா யாரோடதுடா?"

"நம்மளோடதுதான்."

"ஆக, என் இடது பாக்கெட்ல இருந்து எடுத்து வலது பாக்கெட்ல போடுவான். அதுக்குக் கூலியும் நானே குடுக்கணும்."

"எல்லா ஃபண்டும் அப்படித்தாம்மா இப்பல்லாம்..."

"வந்த பணம் எது, என் பணமே திரும்பி வந்தது எதுன்னு வித்தியாசம் தெரியாதவன்கிட்ட ஒரு சென்ட்கூடக் குடுக்க மாட்டேன்."

வாக்குவாதம் முற்றியது. நடுவில் ஏலக்காய் ரொட்டியோடு உட்கார்ந்திருந்தவள் நான். கடைசியில் ஹில்யா கையை மேசையில் தட்டினாள்.

"சரி, பந்தயம். ஹீட்டர் பில்லுக்குப் பிப்ரவரியவிடக் கஷ்டமான மாசம் இந்த ஊர்ல கிடையாது. அந்த மாசம் வீட்டுச் செலவு மொத்தமும் டிவிடெண்ட்ல அடையலைன்னா, உன் காகிதத்துல கையெழுத்துப் போடறேன். அடைஞ்சிடுச்சுன்னா, இந்தப் பேச்ச இனிமே எடுக்கக்கூடாது."

மார்க்கு கை கொடுத்தான். ஜெயித்துவிட்டோம் என்று அவன் முகத்திலேயே தெரிந்தது.

ஜனவரியில் அவள் செய்த முதல் காரியம் ஃபோனைத் துண்டித்தது. "பாதி டிவிடெண்டுக்குப் பாதி ஃபோன்தான் வெச்சுக்கணும். கேக்கலாம், பேச முடியாதுன்னு ஒரு ஃபோன் உண்டா? இல்லல்ல? அப்ப முழுசா போகட்டும்." எழுபத்தாறு வயதில், தனியாக இருக்கிறவள்! நான் கத்தினேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அதோடு விட்டாளா? இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக ஒரு பங்கை விற்றாள். ஃபோன் கம்பெனியை மொத்தமாக விற்று, அந்தப் பணத்துக்குப் பிப்ரவரியில் டிவிடெண்ட் தரும் வேறொரு மின்சாரக் கம்பெனியை வாங்கினாள். என் அடுக்களையிலிருந்து, என் ஃபோனில்தான் ஆர்டர் கொடுத்தாள். கோபத்தில் முகம் சிவந்திருந்தது. காபி ஆறுகிறது, சீக்கிரம் முடி என்று நான் வேறு அவசரப்படுத்தினேன்.

அதில்தான் வினை. டிவிடெண்டுக்குக் கம்பெனி ஒரு தேதி வைக்கும். அந்தத் தேதிக்கு முந்தின நாளே வாங்கியிருந்தால்தான் அந்தத் தவணைப் பணம் நமக்கு. தேதியன்றைக்கு வாங்கினால், பணம் விற்றவனுக்குப் போய்விடும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். "மொதல்ல தேதியப் பாருடி" என்று நூறு தடவை சொல்லியிருப்பாள். அவளே பார்க்கவில்லை. ஒரே ஒரு நாள் பிந்திவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை மதியம் சவுனாவில் என்னிடம் சொன்னாள். அவள் வீட்டுப் பின்புறம் டொய்வோ கட்டியது அது, விறகடுப்பில் கல்லைச் சுட வைத்து ஆவி பிடிக்கும் மர அறை. சனிக்கிழமைதோறும் நாங்கள் இருவரும் அந்த வெக்கையில் உட்கார்ந்து வியர்வை வழிய ஊர்க்கதை பேசுவது வழக்கம். அன்றைக்கு ஊர்க்கதை வரவில்லை, கணக்குதான் வந்தது.

"நூத்தி நாப்பது டாலர் குறையுது எல்மி."

"எதுல குறையுது?"

"பிப்ரவரில. தேதியத் தவற விட்டுட்டேன்."

நான் தண்ணீரை அள்ளிக் கல்லில் வீசினேன். ஆவி எழுந்தது. "நான் தர்றேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமேடி."

"அப்ப கையெழுத்துப் போட்டுட்டு கால்கரி போ. உன் வறட்டு கௌரவத்த அங்க அடுக்ககத்துல மாட்டி வெச்சுக்கோ."

அவள் சுவரையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் வீட்டின் கேஸ் ஹீட்டரைப் பன்னிரண்டு டிகிரிக்கு இறக்கினாள். குழாய் உறையாமலிருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான். கட்டிலையும் வானொலியையும் காபிப் பாத்திரத்தையும் சவுனாவுக்கு முன்னால் இருக்கும் உடைமாற்றும் அறைக்குக் கொண்டு போனாள். கேஸுக்குத்தானே பில், விறகு கோடையிலேயே வெட்டி அடுக்கியது இன்னும் கொட்டகை நிறைய இருந்தது. வெளியே மைனஸ் முப்பத்து நாலு. இவள் உள்ளே பாவாடையோடு உட்கார்ந்து வெங்காயம் நறுக்குகிறாள்!

எனக்கு வந்த ஆத்திரத்தில் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாலாவது நாள் போனேன். அறை கதகதப்பாக இருந்தது, காபி நன்றாக இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மார்க்கு ஃபோன் போட்டுப் பார்த்திருக்கிறான். எண் உபயோகத்தில் இல்லை என்று வந்திருக்கிறது. என்னைக் கூப்பிட்டான்.

"எல்மி ஆன்ட்டி, அம்மா உயிரோட இருக்காங்களா?"

"உன்னையும் என்னையும் சேத்து அடக்கம் பண்ணுவா. சவுனாவுல குடியிருக்கா."

"என்னது?"

நான் பொய் சொல்லிப் பழகாதவள். எல்லாவற்றையும் சொன்னேன், தேதி தவறியதைத் தவிர. அதை அவளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி அவன் விமானம் பிடித்து வந்துவிட்டான்.

முதலில் வீட்டுக்குள் போனான். அங்கே குளிர்ந்து கிடந்த அறைகளைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் ஓடி வந்தான். அவன் வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் உடைமாற்றும் அறையில் பில்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தோம். அன்று காலைதான் கேஸ் பில் வந்திருந்தது. கொக்கியில் டொய்வோவின் பழைய ஆலைக்கோட்டு தொங்கியது. அதை அவள் இரவில் போர்த்திக்கொள்கிறாள் என்பது கட்டிலைப் பார்த்தாலே தெரியும். மார்க்கு அதைத்தான் முதலில் பார்த்தான்.

"என்னம்மா இது, இது ஒரு வாழ்க்கையா?"

"உக்காரு. கணக்கப் பாரு. அப்புறம் அழலாம்."

அவன் உட்கார்ந்தான். தேதி தவறியதைக் கூச்சமில்லாமல் சொன்னாள். பில் ஒவ்வொன்றாகக் கூட்டினான், டிவிடெண்டுகளைக் கழித்தான். இன்னொரு முறை கழித்தான்.

"ஒம்பது டாலர் குறையுது" என்றான், ஏதோ இவனே திருடியதைப் போல மெதுவாக.

ஒன்பது டாலர்! ஒரு மாதம் முழுக்க விறகு சுமந்தாளே. ஹில்யா தாளைத் தன் பக்கம் இழுத்துக் கூட்டலைச் சரிபார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"பேனாவக் குடு. பேச்சுன்னா பேச்சுதான்."

மார்க்கு பேனாவை எடுக்கவில்லை. மேசையில் கிடந்த தபால்களைக் குடைந்தான். ஃபோன் கம்பெனியின் உறை ஒன்று அகப்பட்டது. முன்கூட்டிக் கட்டிய மாதத்துக்கு மீதிப் பணமாக இருபத்திரண்டு டாலருக்கு ஒரு காசோலை.

"அம்மா, இது பிப்ரவரில வந்ததுதான? கம்பெனி குடுத்ததுதான? இதையும் டிவிடெண்டா சேத்துக்கோ. அடைஞ்சு போச்சு. நீ ஜெயிச்சுட்ட."

ஹில்யா கண்ணாடியைக் கழற்றினாள். பேருந்தில் பின் இருக்கைப் பையன்களை எப்படிப் பார்ப்பாளோ அப்படி அவனைப் பார்த்தாள்.

"இது நான் கட்டின பணம்டா. என் பணமே எனக்குத் திரும்பி வந்திருக்கு. இது உனக்கு டிவிடெண்டா?"

"அது வந்து..."

"இந்த வித்தியாசம்கூடத் தெரியாத உங்கிட்டயா என் பங்கையெல்லாம் எழுதிக் குடுக்கப் போனேன்?"

பிறகு மார்க்கு சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தான். பையிலிருந்து அந்தக் காகிதக் கட்டை வெளியே எடுத்து, கிழிப்பதற்காக இரண்டு கையிலும் பிடித்தான்.

"கிழிக்காத, இங்க குடு" என்றாள். "நல்ல தாளு. அடுப்பு பத்த வைக்க ஆகும்."

அன்று சாயங்காலம் சவுனா அருமையாகச் சூடேறியது.

ஃபோன் மட்டும் வரவில்லை. கம்பெனியின் பங்கு இல்லை, அதனால் கம்பெனியின் ஃபோனும் இல்லை என்று ஒரே பிடியாக நின்றாள். ஞாயிறு நாலு மணிக்கு மார்க்கு என் எண்ணுக்குக் கூப்பிடுவான். மூன்றரைக்கே அவள் வந்து என் அடுக்களையில் உட்கார்ந்திருப்பாள். ஃபோன் மணியடிக்கும்வரை அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பாள். அதைப் பார்க்க எனக்குத்தான் கஷ்டமாக இருக்கும்.

மே மாதம் அவள் பிறந்தநாளுக்கு மார்க்கு ஒரு கடிதம் அனுப்பினான். ஃபோன் கம்பெனிப் பங்கு வாங்கி அவள் பெயரில் போட்டிருந்தான். டிவிடெண்ட் பாதியாகிவிட்டதால், முன்பு அவளிடம் இருந்ததைப்போல இரண்டு மடங்கு. 'தேதிக்கு ஒரு வாரம் முன்னாலயே வாங்கிட்டேன்' என்று அடியில் எழுதியிருந்தான்.

அப்போதும் அவள் ஃபோனுக்கு எழுதிப்போடவில்லை. ஜூலையில் முதல் டிவிடெண்ட் கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் ஆளை வரவழைத்தாள். இணைப்பு வந்ததும் கால்கரிக்குப் போட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். நலமா என்றுகூட அவள் கேட்கவில்லை.

"பில்லு கட்டியாச்சு" என்றாள். "இப்ப பேசு."