சுல்தான் சாப்பிட்டானா?

நாய்க்குச் சோறு வைத்துவிட்டு அதனிடம் தோற்று நின்றதுண்டா நீங்கள்? நான் நின்றிருக்கிறேன். அதுவும் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது, மகாபலிபுரத்துச் சவுக்குத் தோப்பில். விளிம்பில் நீலப் பூச்சு உதிர்ந்த ஒரு இனாமல் தட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சுல்தான்.

சுல்தான் என் மாமுவின் நாய். மாமு அம்மாவின் தம்பி. செங்கல்பட்டில் விறகுத் தொட்டி வைத்து வியாபாரம் செய்துவந்தார். மாமி இறந்த பிறகு, பிள்ளைகள் இல்லாத அந்த மனிதருக்குப் பேச்சுத்துணையாக இருந்தது அது ஒன்றுதான். எங்கள் ஜனங்கள் நாயை வீட்டுக்குள் விடமாட்டார்கள். எச்சில் பட்டால் மண் போட்டுக் கழுவிய பிறகுதான் தொழப் போவார்கள். அம்மா முகம் சுளித்தால் மாமு, "இது வேட்ட நாய்க்கா. வேட்டைக்கு மார்க்கத்துலயே எடம் கீது" என்று வாயை அடைத்துவிடுவார். முயலுக்குப் பின்னால் அவிழ்த்துவிடும்போது அல்லாவின் பேரால் என்று 'பிஸ்மில்லா' சொல்லித்தான் விடவேண்டும் என்பது முறை. மாமு அதைச் சோற்றுக்கும் பழக்கிவிட்டார். எங்கள் வீட்டார் யாராவது அந்த வார்த்தையைச் சொல்லும்வரை சுல்தான் ஒரு பருக்கையைத் தொடாது.

அந்த வருஷம் நான் ஹாஸ்டலிலிருந்து முற்றிய பகுத்தறிவுவாதியாகத் திரும்பியிருந்தேன். சோற்றில் கைவைக்கும் முன் அம்மா வழக்கம்போல 'பிஸ்மி சொல்லுப்பா' என்றபோது, "இனிமே என் வாயால அதெல்லாம் வராது" என்று அறிவித்து அவளை அழவைத்தும் ஆயிற்று. மாமு என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

லீவில் நானும் ஒரு சிநேகிதனும் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கக் கிளம்பினோம். அதே வாரம் மாமு வயிற்று ஆபரேஷனுக்காக மெட்ராஸ் போகவேண்டியிருந்தது. எங்கள் சாமானை ஏற்றிய அவருடைய விறகு வண்டியில் சுல்தானையும் தட்டையும் ஏற்றிவிட்டார். "சொல்லாம வெச்சா சாப்ட மாட்டான், தெரியுமில்ல மருமவனே? நா பொழச்சி வந்தா இவன் முழுசா இருக்கணும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வண்டி நகரும்வரை கை நாயின் கழுத்தை விடவில்லை.

சிநேகிதன் ரயில்வே கார்டு ஒருவரின் மகன். கூடாரத்திலும் குளித்து விபூதி பூசாமல் அடுப்பு மூட்ட மாட்டான். முதல் நாள் சாயங்காலம் கரையில் வாங்கிய கானாங்கெளுத்தியை வேகவைத்து, சோற்றில் பிசைந்து வைத்தேன். சுல்தான் முன்னங்கால்களைச் சேர்த்து உட்கார்ந்தது. எச்சில் நூலாக மணலில் இறங்கியது. அது பார்த்தது தட்டை அல்ல, என் வாயை. "சாப்டு" என்றேன். காலேஜ் இங்கிலீஷிலும் ஆணையிட்டுப் பார்த்தேன்.

"சொல்லித் தொலையேன் மச்சான். நாய்தான கேக்குது, பள்ளிவாசல் அஜ்ரத்தா கேக்குறாரு?"

"கொள்கைன்னா கொள்கைடா."

"அப்ப நா சொல்றேன், தள்ளு." நெற்றி நிறைய விபூதியோடு அவன் 'பிஸ்மில்லா' என்றான். சுல்தான் மரியாதைக்கு ஒருமுறை வாலை ஆட்டிவிட்டு மறுபடி என் பக்கமே திரும்பியது. சோறு காக்கைகளுக்குப் போயிற்று.

மறுநாள் பகலிலும் அதே கதை. வெயில் ஏறியபோது சுல்தான் கூடார நிழலில் படுத்துவிட்டது. மூக்குக்கு எதிரிலேயே நண்டு ஓடியும் தலையைத் தூக்கவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தது. நான் அதைப் போட்டியாக நினைத்துக்கொண்டிருந்தேன். தன்னோடு ஒருவன் போட்டி போடுகிறான் என்பதே அதற்குத் தெரியாது.

சிநேகிதனுக்குக் கோபம் வந்துவிட்டது. "உன் கொள்கைக்கு நீ பட்டினி கெட. அது இன்னாடா பாவம் பண்ணிச்சி? அங்க உன் மாமு ஆஸ்பத்திரில வயித்த கிழிச்சி படுத்துகினு கீறாரு. பொழச்சி வந்து கேட்டா இன்னா சொல்லுவ?"

அன்று சாயங்காலம் அவன் கிணற்றுக்குப் போனதும் தட்டை வைத்தேன். சுற்றிலும் பார்த்தேன். சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, சுல்தானுக்குக் கேட்டது. அது நக்கிய வேகத்தில் தட்டு மணலில் நகர்ந்துபோய்க் கூடார முளையில் மோதியது.

"இன்னா மச்சான், தட்டு சத்தம் கேக்குது? கொள்க இன்னா ஆச்சி?" குடத்தோடு வந்துகொண்டிருந்தவன் தூரத்திலிருந்தே கத்தினான்.

"மீனு நல்லா இருந்திச்சாம். நீ தண்ணிய சிந்தாம வா."

மாமு பிழைத்து வந்தார். விறகுத் தொட்டியில் கயிற்றுக் கட்டிலில் பாதி உடம்பாகக் கிடந்தவர், என்னைப் பார்த்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சாப்ட்டானா?"

"சாப்ட்டான்."

சாப்பிட்டது என்றால் நான் சொல்லியிருக்க வேண்டும். அது அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். ஒரு சிரிப்பில் வீடு முழுக்கப் பரப்பி என் மானத்தை வாங்கியிருக்கலாம். அவர் சுல்தானின் காதைத் தடவிக்கொடுத்தார், அவ்வளவுதான். அம்மாவிடம்கூட மூச்சுவிடவில்லை.

போன மழைக்காலத்தில் மாமு மவுத்தாகிவிட்டார். விறகுத் தொட்டி கைமாறிவிட்டது. சுல்தானும் தட்டும் என்னிடம் வந்து சேர்ந்தன. நான் இன்றும் தொழப் போவதில்லை. என் சோற்றுக்கு ஒன்றும் சொல்வதில்லை.

இதை எழுத உட்காருமுன் தட்டை வைத்தேன். சுல்தான் இன்னும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறது.