முழங்காலில் ஊன்றிய கை

என் பெரிய தம்பிக்குக் கெண்டைக்கால் இரண்டும் உருண்டு திரண்டு இருக்கும். அருப்புக்கோட்டையில் அப்பா வைத்திருந்த பலசரக்குக் கடைக்கு வருகிறவர்கள் அதைத் தட்டிப் பார்த்து, "பய பயில்வானா வருவான் பாருங்க" என்பார்கள். அப்பாவுக்குப் பெருமை பிடிபடாது. அம்மா மட்டும் அவனை வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடுவாள். கண் பட்டுவிடும் என்று பயப்படுகிறாள் என நினைத்துக்கொண்டோம்.

கண்ணும் இல்லை, மண்ணும் இல்லை. திருச்சுழியில் அம்மாவின் அண்ணனுக்கும் கெண்டைக்கால் அப்படித்தான் திரண்டிருந்ததாம். ஓடித் திரிந்தவர், பிறகு தரையிலிருந்து எழ முழங்காலில் கையை ஊன்றி, தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேல் தானே ஏறுவதுபோல எழுந்தாராம். அப்புறம் எழவே இல்லை. மீசை அரும்புவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். பெரிய தம்பி முதன்முதலாக முழங்காலில் கை வைத்து எழுந்த அன்று, அம்மா அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எண்ணெய் போட்டு உருவினோம். இருக்கன்குடி அம்மன் கோயிலில் வெள்ளியில் கால் உருவம் வாங்கிப் போட்டோம். அவனுக்கு எட்டு வயதானபோது, எழுபதுகளின் தொடக்கம் அது, மதுரைக்கு பஸ் ஏறினோம். டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார்.

"இது தாய் வழியில வர்ற நோய்ம்மா. பொம்பளைகளை அநேகமா ஒண்ணும் செய்யாது. அவங்க மூலமா ஆம்பளைப் பிள்ளைகளுக்கு வரும். எல்லாப் பிள்ளைக்கும் வரும்னு இல்ல. ஆனா வந்தா மருந்து கிடையாது."

"அவங்க மூலமா" என்றபோது, பாவாடை சட்டையில் பக்கத்தில் நின்ற என்னையும் ஒருமுறை பார்த்தார். எனக்கு அப்போது விளங்கவில்லை.

எங்களோடு இருந்த அத்தைக்கு, அப்பாவின் அக்காவுக்கு, இது போதாதா? "ஒங்க வீட்டுச் சீக்கு எங்க வீட்டுல வந்து விடிஞ்சிருக்கு" என்றாள் அம்மாவிடம். நாக்கில் நரம்பில்லாத பேச்சு. அப்பா வாயே திறக்கவில்லை. எனக்கு அத்தை மேல் வந்த கோபத்தைவிட அப்பா மேல் வந்ததுதான் அதிகம். இன்றைக்கும் ஆறவில்லை.

எல்லாப் பிள்ளைக்கும் வரும் என்று இல்லை. அந்த ஒரு வார்த்தையை மட்டும் அம்மா முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டில் மூன்று வயதுச் சின்னத் தம்பி இருந்தான். தினமும் அவனைத் தரையில் உட்காரவைத்துவிட்டு, எட்ட நின்று சீனி மிட்டாயைக் காட்டி, "எந்திரிச்சு வா, ராசா" என்பாள். துள்ளி எழுந்து ஓடிவருவான். அன்றைக்கெல்லாம் அம்மா முகம் தெளிவாக இருக்கும். சுவரோரம் சாய்ந்திருக்கும் பெரியவனும் கைதட்டுவான். என்ன மனசு அந்தப் பிள்ளைக்கு!

சின்னவனுக்கு அண்ணன் என்றால் உயிர். அண்ணன் சாய்கிற மாதிரிச் சாய்வான், அண்ணன் நடக்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்தி ஆடி ஆடி நடந்து காட்டுவான். அதனால் மறு வருஷம் ஒரு மத்தியானம் அவன் முழங்காலில் கை வைத்து எழுந்தபோது நான் சிரித்துவிட்டேன்.

"அண்ணன மாதிரியே செய்றாம்மா."

அம்மா சிரிக்கவில்லை. "ஏலே, வெளாட்டா இருக்கா ஒனக்கு? ஒக்காந்து நேரா எந்திரி."

உட்கார்ந்தான். மறுபடியும் கையை ஊன்றினான். அம்மா அவன் முதுகில் பளீரென்று ஒன்று வைத்தாள். "கைய எடுத்துட்டு எந்திரிலே!"

கையை எடுத்தான். இடுப்பைப் பாதி தூக்கினான், பொத்தென்று விழுந்தான். அழுதுகொண்டே சொன்னான்.

"கைய எடுத்தா எந்திரிக்க வரலம்மா."

அம்மா அவனை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தான் அடித்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். சுவரோரத்திலிருந்து பெரியவன், "அவன இனிமே அடிக்காதம்மா" என்றான்.

அதற்குப் பிறகு சின்னவனை யாரும் எழுந்து வரச் சொல்லவில்லை. அம்மாதான் போய்த் தூக்கினாள். இருவரையும்.