காலடியில் ஒரு சாண்

அந்தத் தச்சரை எல்லோரும் 'சாண்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளைகளுக்குக் கட்டில் செய்யச் சொன்னால், சொன்ன அளவுக்கு மேல் ஒரு சாண் சேர்த்துத்தான் மரத்தை அறுப்பார். "நான் இவ்வளவுதானே சொன்னேன்?" என்று யாராவது கேட்டால், "உன் புள்ள வளராதா? இல்ல, வருஷா வருஷம் கட்டில் செய்யப் போறியா?" என்று ஒரே போடாகப் போடுவார்.

அவருக்கு ஒரே மகள். அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். பட்டறைக்கு வந்தால் இழைப்புளியில் சுருண்டு விழும் மரச்சுருளைக் காதில் மாட்டிக்கொண்டு, "அப்பா, கம்மல்" என்பாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. சவப்பெட்டியைக் கடையில் வாங்கலாம் என்றார் மைத்துனர். "என் பொண்ணுக்கு நான்தான் செய்வேன்" என்று பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டார் தச்சர்.

கண்ணை மறைத்தது தண்ணீர். அளவைக் கைதான் பார்த்தது. கைக்குத் தெரிந்தது ஒரே பழக்கம். பிள்ளையைக் கிடத்தியபோது காலடியில் ஒரு சாண் வெறுமையாகக் கிடந்தது. "அளவு தப்பிடுச்சே" என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். அவர் மனைவி பிள்ளையின் போர்வையை மடித்து அந்த இடத்தில் வைத்தாள்.

அன்றோடு மாதா கோயில் வாசலை மிதிப்பதை விட்டார். அதற்கு முன்னாலும் அவர் பெரிய பக்திமான் இல்லை. பாதிப் பூசை நேரம் வெளியே நின்று கதையளக்கிற கும்பலில் ஒருத்தர். இப்போது அதுவும் இல்லை. மனைவி செபம் சொல்லத் தொடங்கினால் எழுந்து பட்டறைக்குப் போய்விடுவார். குழந்தைக் கட்டில் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். சொந்தப் பிள்ளையை ஒழுங்காகக் கிடத்தத் தெரியாத கை என்று தன் கையையே வெறுத்தார்.

சில வருஷம் கழித்துக் கோயில் சாமியாரே பட்டறைக்கு வந்தார்.

"கோயில்ல முழங்கால் போடுற பலகை ஒண்ணு உடைஞ்சிடுச்சு. வந்து பாருங்க."

"வேற ஆளே இல்லையா, ஃபாதர்?"

"இருக்காங்க. அவங்க அடிச்ச ஆணிதான் போன வாரம் ஒரு அம்மா சேலையக் கிழிச்சது."

"பெஞ்ச இங்க அனுப்பி வைங்க."

"என் இடுப்பு தாங்காதுப்பா. வேணும்னா நீங்களே வந்து தூக்கிக்கோங்க."

தப்பிக்க வழியில்லை. ஆளில்லாத மத்தியான நேரமாகப் பார்த்துப் போனார். உடைந்தது அவர் மனைவி உட்காரும் பெஞ்சு. பலகையில் அவள் முழங்கால் பட்ட இடத்தில் வார்னிஷ் போய் மரம் வெளுத்திருந்தது. அதை ஒட்டி ஓர் ஆள் இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. அதற்கப்பால் மறுபடியும் வெளுப்பு. இத்தனை நாளும் அவருக்கென்று இடம் விட்டே உட்கார்ந்திருக்கிறாள்.

புதுப் பலகையைத் திருப்புளியால் திருகி முடுக்க முழங்கால் போட வேண்டியிருந்தது. முடுக்கிவிட்டு நிமிர்ந்தார். நேர் எதிரே சிலுவை. சின்ன வயசிலிருந்து பார்த்த சுரூபம்தான். ஆணி அடித்த அந்தப் பாதங்களுக்குக் கீழே ஒரு சாண் மரம் வெறுமையாக நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தார்.

குரல் எதுவும் கேட்கவில்லை. வெளிச்சம் எதுவும் தெரியவில்லை. ஆனால் அன்று பெட்டியைச் சுற்றி நின்றவர்களில், சிலுவையில் தன் பிள்ளையைப் பறிகொடுத்த இன்னொருத்தரும் இருந்தார் என்பது தோளைத் தொட்டுச் சொன்ன மாதிரி விளங்கிவிட்டது.

"அளவு தப்பிடுச்சு, ஆண்டவரே" என்றார். அதுவரை யாரிடமும் சொல்லாத வார்த்தை. திருப்புளியைப் பிடித்தபடியே அழுதார். கூட்டிப் பெருக்க வந்த அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, விளக்குமாற்றோடு அப்படியே திரும்பிப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் அதையே சொன்னார்.

"தப்பா? யாரு சொன்னா?" என்றாள் அவள். "வளர்றதுக்கு இடம் விட்டிருக்கீங்கன்னுதான் நான் நெனச்சேன். ஆண்டவர்கிட்டதானே போறா, அங்க வளர மாட்டாளா?"

அவர் திருப்புளியைத் துடைத்து மாடத்தில் வைத்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை நானும் வரேன். பலகை தாங்குதான்னு பாக்கணும்" என்றார்.

"அதான பார்த்தேன்" என்று அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அதன்பின் ஞாயிறு தவறவில்லை. குழந்தைக் கட்டில் மறுபடி செய்தார். பெட்டியும் செய்தார், பிள்ளையைப் பறிகொடுத்த வீடு எங்கே இருந்தாலும் கூப்பிடாமலே போய் நின்றார். துக்கம் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் தன் மகளையே கிடத்தினார்.

ஒருமுறை லாரி டிரைவர் ஒருவர் மகனைக் கிடத்திவிட்டுக் காலடியைக் காட்டினார்.

"அண்ணே, நீளம் கூடிப்போச்சே."

"வளர்ற புள்ளப்பா" என்றார் தச்சர். "அவன் போர்வைய எடுத்துட்டு வா."

டிரைவர் பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். போர்வை எடுக்க அவருக்குக் கால் வரவில்லை. தச்சரும் அவசரப்படுத்தாமல் பக்கத்தில் நின்றார்.